நிச்சயமா டீச்சரும் முப்பத்தெட்டு லேப்டாப்பும்

கணக்கு டீச்சருக்குப் பள்ளியில் இன்னொரு பெயர் உண்டு: நிச்சயமா டீச்சர். அந்தப் பெயர் அவர் காதுக்கு எட்டவில்லை என்று பிள்ளைகள் இருபத்தாறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்க விரும்பாமல், தெரியாத மாதிரியே நடந்துகொள்கிறார்.

பெயர் சும்மா வரவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு டீச்சர் வரிசை வரிசையாக நடக்க ஆரம்பிப்பார். யாராவது ஒருவரின் நோட்டுப் பக்கம் நின்று, குனிந்து, விடையைப் பார்த்து, "நிச்சயமா?" என்று கேட்பார். தப்பாகப் போட்டவனையும் கேட்பார், சரியாகப் போட்டவனையும் கேட்பார். தப்பாகப் போட்டவன் பதறிப்போய் மறுபடி பார்ப்பான். தப்பு அவன் கண்ணிலேயே படும். சரியாகப் போட்டவன் "நிச்சயம் டீச்சர்" என்பான். அந்த ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொன்ன பிறகு கணக்கு அவனுடையதாகிவிடும், அப்புறம் பரீட்சையில் மறக்காது என்பது டீச்சரின் கட்சி.

புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் வாரம் திணறுவார்கள். ஆனால் முன் பெஞ்சில் கேட்பதும் காதில் விழுகிறது, பக்கத்து வரிசையில் கேட்பதும் காதில் விழுகிறது. இந்த அம்மா எல்லாரையும்தான் கேட்கிறார் என்பது சீக்கிரமே பிடிபட்டுவிடும். போதாததற்கு, விடை சரியாக இருந்தால் டீச்சரின் இடது புருவம் லேசாக மேலே ஏறும். அது அவருக்கே தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும், மேல் வகுப்புப் பிள்ளைகள் கீழ் வகுப்புக்கு அதை ரகசியமாகச் சொல்லியும் வைத்திருந்தார்கள்.

இந்தக் கேள்வியால் அதிகம் அடிபட்டவர் அவர் கணவர்தான். மருந்துக்கடையில் வேலை செய்கிற மனிதர், நூற்றுக்கணக்கான மாத்திரைப் பெயர்களை மனப்பாடமாக வைத்திருப்பவர். காலையில் இருவரும் சேர்ந்து கிளம்பி, தெருமுனை வந்ததும் டீச்சர் கேட்பார்: "கதவைப் பூட்டினீங்களா?" பூட்டிவிட்டேன் என்பார். "நிச்சயமா?" அவ்வளவுதான், மனிதர் திரும்பி நடப்பார். கதவு பூட்டித்தான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித் திரும்பி நடந்த தூரத்தைக் கூட்டினால் வேறு ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். டீச்சரும் சேர்ந்து சிரிப்பார். அதில் சிரிப்பதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

டீச்சர் வேலைக்கு வந்ததே எதேச்சையாகத்தான். பிரசவ விடுப்பில் போன ஒரு ஆசிரியைக்குப் பதிலாக மூன்று மாதம் என்று வந்தார். அந்த அம்மா திரும்பி வரவில்லை, இவர் திரும்பிப் போகவில்லை. கணக்கில் அவர் பெரிய மேதை ஒன்றும் இல்லை; அதை அவரே சொல்வார். ஒரு பிள்ளை எந்த வரியில் வழுக்கியது என்பதை மட்டும் நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ரப்பர் தேய்த்த தடம், அடித்துவிட்டு மேலே எழுதிய எண், ஓரத்தில் போட்ட கூட்டல் எல்லாவற்றையும் படிப்பார். பிள்ளைகளின் விடைகளைவிட அழித்த இடங்களைத்தான் அவருக்குப் பிடிக்கும்.

இரண்டு வருடம் முன்பு இடது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. அதிகம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வகுப்பில் நிற்காமல் என்ன செய்வதாம்? பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். பள்ளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் இந்த வருடம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், ஒன்பதாம் வகுப்புக்கு முப்பத்தெட்டு லேப்டாப்புகள் வந்து இறங்கின. ஆளுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண் ஒட்டியிருந்தது. வகுப்பின் பின்சுவரில் ஒரு இரும்பு அலமாரி வந்தது. மாலையில் எல்லாவற்றையும் அதில் செருகி சார்ஜ் போட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு இளைஞர் வந்தார். தோளில் எப்போதும் ஒரு ஒயர்ச் சுருள் தொங்கியதால் பிள்ளைகள் அவருக்கு ஒயர் அண்ணன் என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் ஆசிரியர்களுக்கும் அதே பெயர் வாயில் வந்துவிட்டது.

முதல் மாதம் ஆசிரியர்கள் அறை அமளிதுமளிப்பட்டது. வரலாற்று சார் ஒரு போரைப் பற்றிக் கட்டுரை கேட்டால் முப்பத்தெட்டு பேரும் ஒரே கட்டுரையைக் கொடுத்தார்கள், பிழைகூட ஒரே இடத்தில். அறிவியல் டீச்சர் சோதனை வைக்கும் நாளில் மட்டும் பாதிப் பேருக்கு சார்ஜ் தீர்ந்துபோனது. கணக்கு டீச்சருக்கு வேறு குறை. வகுப்புக்குள் நுழைந்தால் முகங்கள் இருந்த இடத்தில் முப்பத்தெட்டு மூடிகள்தான் தெரிந்தன. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "பாதி மூடு" என்று சொன்னால் எல்லாரும் மூடியைப் பாதி சாய்த்துவிட்டு அவரைப் பார்க்க வேண்டும். மற்ற ஆசிரியர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் தாழ்வாரம் முழுக்கப் பாதி மூடு, பாதி மூடு என்று கேட்டது.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். டீச்சருக்கு அந்த லேப்டாப்புகள் பிடித்துப்போய்விட்டன. உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தப் பிள்ளையின் பக்கத்தையும் திறந்து பார்க்கலாம். விடைக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கட்டத்தில் எழுதினால் அந்தப் பிள்ளையின் திரையில் போய் நிற்கும். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக டீச்சர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முழங்கால் வாழ்த்தியது. அவர் அடிக்கடி எழுதுவது ஒரே வார்த்தைதான் என்பதைக் கவனித்த ஒயர் அண்ணன், அதற்கும் ஒரு வசதி செய்து கொடுத்தார். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் "நிச்சயமா?" என்று போய்விடும். கணக்குப் போட ஏழு நிமிடம், பிறகு பொத்தான், அப்புறம் இன்னும் ஐந்து நிமிடம், கடைசியில் இருக்கிற விடைக்கு மதிப்பெண்ணை லேப்டாப்பே போட்டுவிடும். எவ்வளவு சுலபம்.

அந்த வருடம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரே பெண்ணைப் புதுசு என்று கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு வேலை மாற்றமாகி வேறு பள்ளியிலிருந்து வந்தவள். கடைசி பெஞ்சு, முப்பத்தெட்டாம் எண் லேப்டாப். வாயைத் திறக்க மாட்டாள். அவளுடைய கணக்கு டீச்சருக்குப் பிடிபடவே இல்லை. விடைகள் முன்பின் தொடர்பில்லாமல் இருந்தன. வழியெல்லாம் ஒழுங்காக வந்து, கடைசி வரியில் சம்பந்தமே இல்லாத ஒரு எண் நிற்கும். நோட்டாக இருந்தால் அழித்த தடத்தையாவது பார்க்கலாம். திரையில் அழித்தால் அழித்ததுதான். துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

பத்தாம் வகுப்பில் கணக்கு இரண்டு பிரிவு. மேல்பிரிவில் படித்தால்தான் பிறகு பொறியியல், கணினி, மருத்துவம் என்று எந்தப் பக்கமும் போக முடியும். அடிப்படைப் பிரிவுக்குப் போனவர்கள் திரும்பி ஏற வழியில்லை. யார் எங்கே என்ற பட்டியலைக் கணக்கு டீச்சர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியையிடம் சேர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் டீச்சர் பட்டியலை எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தலைமையாசிரியை மட்டும் பார்க்கும்படி ஒரு வரி. மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுவது அவர் வழக்கம். லவுட்ஸ்பீக்கர் என்று வகுப்பே அழைக்கிற பையனுக்கு, 'கெட்டிக்காரன், வாயை மூடினால் இன்னும் கெட்டிக்காரன்' என்று எழுதினார். இன்னொருவனுக்கு, 'பக்கத்தில் பார்த்து எழுதுகிறான், பார்க்கத் தேர்ந்தெடுத்த ஆளும் சரியில்லை.' கடைசிப் பெயரான புதுசுக்கு வந்தபோது சிறிது நேரம் யோசித்தார். மதிப்பெண்களைப் பார்த்தார். பதினான்கு கணக்கில் மூன்றுதான் சரி. எழுதினார்: 'முயற்சி இல்லை. தோன்றிய எண்ணைப் போடுகிறாள். அடிப்படைப் பிரிவு.'

எழுதிய பட்டியலை லேப்டாப்பில் ஆசிரியர்களுக்கான இடத்தில் போட வேண்டும். டீச்சர் வகுப்புக்கான இடத்தில் போட்டுவிட்டார். இரண்டுக்கும் ஒரே நீல நிறத்தில் படம், ஒன்றன்கீழ் ஒன்று. கண்ணாடியை வேறு மறந்துவிட்டு வந்திருந்தார்.

புதன்கிழமை வகுப்பு பெட்டிப் பாம்பாக அடங்கியிருந்தது. லவுட்ஸ்பீக்கர் நாற்பது நிமிடமும் வாயைத் திறக்கவில்லை. பல்வலியா என்று டீச்சர் கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டினான். பக்கத்தில் பார்த்து எழுதுகிறவன் இடம் மாறி, வகுப்பிலேயே முதலாக வருகிறவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்னடா இது, இன்றைக்கு நம் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை என்று டீச்சர் கொஞ்சம் பூரித்துக்கூடப் போனார்.

மறுநாள் காலை ஒயர் அண்ணன் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். டீச்சரின் பட்டியல் நேற்று முழுக்க எல்லாப் பிள்ளைகளின் திரையிலும் இருந்திருக்கிறது. இப்போதுதான் பார்த்து எடுத்தாராம். யார் யார் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கும் அதிலேயே இருந்தது. முப்பத்தெட்டுப் பேர்.

டீச்சர் பட்டியலின் பெயர்களை மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். லவுட்ஸ்பீக்கரை நினைத்தபோது அந்தக் கலக்கத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது. அடுத்த நொடி, கடைசி பெயருக்கு எதிரே எழுதிய வரி நினைவுக்கு வந்தது. ஒரு பிள்ளையைப் பற்றி அதன் முதுகுக்குப் பின்னால் அப்படி எழுதியதும், அதை வகுப்பே படித்ததும், அவளும் படித்ததும். வெட்கமாக இருந்தது. லேப்டாப் செய்த கோளாறு என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் வரியை எழுதிய கை அவருடையது.

அன்று பள்ளி விட்டதும் புதுசை இருக்கச் சொன்னார். ஒயர் அண்ணன் பின்சுவர் அலமாரியில் லேப்டாப்புகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார். டீச்சர் எழுந்து, கடைசி பெஞ்சு வரை நடந்துபோய், அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். இந்த வருடம் அவர் அந்தப் பெஞ்சுப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. எழுதியது எல்லார் கண்ணிலும் பட்டது தன் தவறு, அதற்கு மன்னித்துக்கொள்ள வேண்டும் என்று நேரடியாகவே சொன்னார். புதுசு மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு மெல்ல வாயைத் திறந்தாள்.

"மார்க் கம்மிதான் டீச்சர். அடிப்படைப் பிரிவுன்னு போட்டதும் சரிதான். முயற்சி இல்லன்னு எழுதினது மட்டும் சரியில்ல."

"அப்போ கடைசி வரியில ஏன் அப்படி எதையோ போடுற?"

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து முப்பத்தெட்டாம் எண்ணை எடுத்து வந்தாள். கணக்குப் பக்கத்தைத் திறந்து, மூலையில் எதையோ தட்டினாள். வலது பக்கம் ஒரு நீளமான பட்டியல் வந்தது. அந்தப் பக்கத்தில் எப்போது என்ன எழுதப்பட்டது, எப்போது என்ன அழிக்கப்பட்டது என்று நிமிடம் நிமிடமாக நின்றது. இதில் அழித்தாலும் போகாது டீச்சர், எல்லாம் அடியில் இருக்கும் என்றாள். டீச்சர் கண்ணாடியைத் துழாவி எடுத்துப் போட்டுக்கொண்டார். துடைத்துவைத்த கண்ணாடி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததற்குள் இத்தனை நாளும் ரப்பர் தடம் அத்தனையும் இருந்திருக்கிறது.

முதல் கணக்கு. ஆறாவது நிமிடத்தில் விடை பன்னிரண்டு. சரியான விடை. ஏழாவது நிமிடத்தில் டீச்சரின் 'நிச்சயமா?' எட்டாவது நிமிடத்தில் பன்னிரண்டு அழிக்கப்பட்டிருந்தது. பத்து என்று போட்டு, அதையும் அழித்து, மறுபடி பன்னிரண்டு, அதையும் அழித்து, கடைசியில் இருபத்தொன்று. நேரம் முடிந்தது. இரண்டாவது கணக்கும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. டீச்சர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். பதினான்கு கணக்கில் பதினொன்றை அந்தப் பெண் முதலில் சரியாகப் போட்டிருந்தாள். பதினொன்றையும், கேள்வி வந்த அடுத்த நிமிடம், தன் கையாலேயே அழித்திருந்தாள். மீதி மூன்றில் முதலில் போட்டது தப்பு. கேட்ட பிறகு திருத்திச் சரியாக்கியிருந்தாள். அந்த மூன்றுக்குத்தான் அவளுக்கு மதிப்பெண்.

"சரியாத்தானே போட்டிருக்க. ஏம்மா அழிச்ச?"

"நீங்க கேட்டீங்கல்ல டீச்சர். அப்போ தப்பா இருக்கும் போலன்னு."

"நான் எல்லாரையும்தானே கேக்குறேன்?"

புதுசு அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "எல்லாரையுமா? எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்? என் பக்கம் மட்டும்தானே எனக்குத் தெரியும்."

இருபத்தாறு வருடமாக அந்தக் கேள்வி எல்லார் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. இப்போது ஓசையில்லாமல், ஒவ்வொரு திரையிலும் தனித்தனியாகப் போய் நின்றிருக்கிறது. பழைய பிள்ளைகளுக்கு டீச்சரின் சங்கதி தெரியும், சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டிருப்பார்கள். இவளுக்குச் சொல்ல யாருமில்லை. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று டீச்சரின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. முன்பெல்லாம் விடையைப் படித்துவிட்டுத்தான் கேட்பார். இந்த வருடம் கேட்பதற்கு முன் படிக்கவே இல்லை. பொத்தானைத் தட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முயற்சி இல்லை என்ற வரியை எழுத வேண்டுமானால் தன் பெயருக்கு எதிரேதான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அன்று மாலை வீட்டில் நடந்ததைக் கணவரிடம் சொன்னார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தானும் கதவைப் பூட்டிய நினைவு நன்றாக இருக்கும்போதே திரும்பிப் போகிறவர்தான் என்றார். சிரிக்காமல் சொன்னார். ஏன் போகிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். நீ கேட்ட பிறகு எனக்கே பூட்டினேனா என்று ஆகிவிடுகிறதே என்றார்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் திருத்திய பட்டியலோடு தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். தலைமையாசிரியை கண்டிப்பானவர், ஆனால் நியாயம் பார்ப்பவர். முதலில் பட்டியல் பிள்ளைகள் கையில் போனதற்குச் சேரவேண்டிய திட்டு வந்து சேர்ந்தது. டீச்சர் வாங்கிக்கொண்டார். பிறகு கடைசி பெயரில் தலைமையாசிரியையின் பேனா நின்றது. பதினான்குக்கு மூன்று வாங்கிய பெண் மேல்பிரிவிலா? டீச்சர் விளக்கினார். அழித்த விடைகளுக்கு மதிப்பெண் கிடையாதே என்றார் அவர். பரீட்சையிலும் இவள் அழித்தால்? அங்கே போய்த் திணறினால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? எல்லாம் நியாயமான கேள்விகள். கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

"நிச்சயமா சொல்றீங்களா டீச்சர்?"

டீச்சர் நேற்று எண்ணிய பதினொன்றை மனதுக்குள் மறுபடி எண்ணிப் பார்த்தார். சரியாக எண்ணினோமா? அவசரப்படுகிறோமோ? வெட்கத்துக்குப் பரிகாரமாக ஒரு பிள்ளையைத் தெரியாத இடத்தில் தள்ளுகிறோமோ? காகிதத்தை வாங்கி, அடிப்படைப் பிரிவு என்றே திரும்ப எழுதிவிடலாம் போல இருந்தது. எழுதிவிட்டால் இந்தப் பார்வை நகர்ந்துவிடும். இத்தனை வருடமாகத் தான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, எதிர்ப்பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்பதை டீச்சர் அன்றைக்குத்தான் அறிந்தார். கால் வலித்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நிச்சயம் மேடம்."

தலைமையாசிரியை பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஆனால் பெயருக்குப் பக்கத்தில், கணக்கு ஆசிரியையின் பொறுப்பில் என்று எழுதினார். பத்தாம் வகுப்பின் முதல் பருவத் தேர்வில் தேறாவிட்டால் கீழே அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார். அது போதும் என்று டீச்சர் வெளியே வந்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் டீச்சர் முதல் வேலையாகத் தன் முழங்காலைப் பற்றிச் சொன்னார். இத்தனை நாள் மறைத்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். பொத்தானை எடுத்துவிடும்படி ஒயர் அண்ணனிடம் ஏற்கனவே சொல்லியாயிற்று. ஒரு நாளைக்கு எல்லா வரிசையும் நடக்க முடியாது, இரண்டு வரிசைதான், ஆனால் நடப்பேன் என்றார். நான் எல்லாரையும் கேட்பேன், சரியாகப் போட்டாலும் கேட்பேன், அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். லவுட்ஸ்பீக்கருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. புருவத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் டீச்சர் என்று போட்டு உடைத்துவிட்டான். வகுப்பு சிரித்தது. டீச்சர் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இனிமேல் விடை சரியாக இருந்தாலும் இது ஏறாது என்றார்.

கணக்கைப் பலகையில் போட்டுவிட்டு, கடைசி வரிசையிலிருந்து தொடங்கினார். முப்பத்தெட்டாம் எண் லேப்டாப்பில் விடை தயாராக இருந்தது. டீச்சர் குனிந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். சமக்குறிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஒரு எண்ணைக் கொண்டுவரும்போது கழித்தலாக மாற்ற வேண்டியதை மாற்றாமல் விட்டிருந்தாள். இந்தத் தடவை டீச்சர் தன் புருவத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"நிச்சயமா?"

புதுசின் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. அதன்மேல் நின்றது. அவள் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. திரும்பித் தன் விடையை, மேலிருந்து கீழ்வரை, உதடு அசைய ஒரு முறை படித்தாள். பிறகு விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிச்சயம் டீச்சர்."

விடை தப்பு. ஆனால் அந்த வருடம் அவள் அழிக்காமல் விட்ட முதல் விடை அதுதான். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பக்கத்து வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"சரி. எப்படிப் போட்டேன்னு முதல்லேர்ந்து சொல்லு, கேக்குறேன்" என்றார்.